சூப்பர்வைசர் ஜன்னலோரம் நின்றால்...

பெருமாநல்லூர் நால் ரோட்டில் ராத்திரி எட்டரை, ஒன்பது மணிக்கு நின்று பார்த்திருக்கிறீர்களா? குன்னத்தூர் பக்கம், திருப்பூர் பக்கம், பைபாஸ் பக்கம் என்று ஒன்றன் பின் ஒன்றாகக் கம்பெனி வேன்கள் வந்து நிற்கும். ஒன்றரை ஷிப்ட் முடித்த பெண்கள் தூக்குப்போசியும் கையுமாக இறங்குவார்கள். புருவத்தில்கூடப் பஞ்சுத் தூசு ஒட்டியிருக்கும். பேக்கரியில் குழந்தைக்கு ஒரு பன் வாங்கிக்கொண்டு பாதி ஓட்டமாக வீட்டுக்குப் போவார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி எனக்குப் பழக்கம். என்னை அக்கா என்பாள். பனியன் கம்பெனியில் வேலை. எந்தப் பிரிவு, எந்தக் கம்பெனி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். இதை எழுதப் போகிறேன் என்று அவளிடம் சொல்லி, சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு நாள் வேனை விட்டு இறங்கியவள் நேராக என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க்கா, நீங்க பத்திரிகையில எழுதறவங்க, உங்களுக்குத் தெரியும். கம்பெனில மெடிக்கல் கேம்ப்னு போட்டாங்க. வரிசையா நிக்க வெச்சு ரத்தம் எடுத்தாங்க. ஒரு பேப்பர்ல கையெழுத்தும் வாங்கினாங்க. எதுக்குங்கன்னு கேட்டா, 'எல்லாம் உங்க நல்லதுக்குத்தாம்மா, நகரு'ன்னுட்டாங்க. அதுல 'அது' பாத்திருப்பாங்களாக்கா?"

எது என்று நான் கேட்கவில்லை. நம் ஊரில் 'அது' என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் எய்ட்ஸ்தான். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் இருபது நாள் வடக்கே. அவள் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, நானும் தோண்டவில்லை.

"கையெழுத்துப் போட்ட பேப்பர் இருக்கா?" என்றேன்.

"ஒரு காப்பி குடுத்தாங்க. இங்கிலீசுல இருக்குதுங்க்கா. வூட்ல எங்கியோ வெச்சிருக்கேன்."

தேடி எடுத்து வா என்று அனுப்பிவிட்டேன். ஆனால் 'எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்' என்ற அந்த வாசகம் என்னைத் தூங்க விடவில்லை. காரணம், இந்தியாவில் எச்.ஐ.வி.யின் கதையே அந்த வாசகத்தோடுதான் ஆரம்பித்தது. அதுவும் நம் சென்னையில்.

1985 கடைசி. எய்ட்ஸ் என்பது அமெரிக்காக்காரர்களுக்கு வருகிற நோய், நம் ஒழுக்கத்துக்கு இங்கே எப்படி வரும் என்று பத்திரிகைகளே எழுதிக்கொண்டிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி படித்துக்கொண்டிருந்தார் நிர்மலா. 'ஆய்வுக் கட்டுரைக்கு இதை எடுத்துக்கொள்ளேன்' என்று தூண்டியவர் பேராசிரியர் சுனிதி சாலமன். சிறிய ஊரிலிருந்து வந்த, சின்னக் குழந்தைகளின் தாயான நிர்மலாவுக்குத் தயக்கம். கணவர் தைரியம் சொன்னார். காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் போய் ரத்தம் எடுத்தார். கையுறைகூடக் கிடையாது. சேமித்து வைக்க இடமில்லாமல் மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்திருந்தார். 1986 பிப்ரவரியில் அவற்றை ஐஸ் பெட்டியில் வைத்துக் கணவரோடு ராத்திரி ரயிலேறிக் காட்பாடி போய் இறங்கினார். வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் ஜான் குழுவினரின் சோதனைக்கூடம். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. மஞ்சள் என்றால் தொற்று இருக்கிறது என்று அர்த்தம். அமெரிக்காவில் மறு சோதனை செய்து உறுதியான பிறகு, 1986 மே மாதம் அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். நாடே அதிர்ந்தது.

இந்தக் கண்டுபிடிப்பால் காப்பாற்றப்பட்ட உயிர்களை எண்ணி முடியாது. ரத்த வங்கிகள் விழித்துக்கொண்டன, அரசு விழித்துக்கொண்டது. 1994-ல் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கென்றே ஒரு தனிச் சங்கத்தை அமைத்தது தமிழ்நாடு. அந்த மாதிரியைத்தான் பிறகு மற்ற மாநிலங்களும் எடுத்துக்கொண்டன. சுனிதி சாலமன் 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கி, மற்ற டாக்டர்கள் தொடவே பயந்த நோயாளிகளைத் தொட்டுப் பார்த்தார். 2015-ல் அவர் மறைந்த பிறகு பத்மஸ்ரீ வந்தது. இதில் எதையும் நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால், ரத்தம் கொடுத்த அந்தப் பெண்களுக்கு எதற்காக எடுக்கிறார்கள் என்று தெரியாது. எய்ட்ஸுக்காகப் பார்க்கிறேன் என்று தான் சொல்லவில்லை, சொன்னாலும் அவர்களுக்குப் புரிந்திருக்காது, வேறு பால்வினை நோய்க்குப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டார்கள் என்று நிர்மலாவே பல வருடம் கழித்து மறைக்காமல் பேட்டி கொடுத்திருக்கிறார். அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். டாக்டர் கேட்டால் கையை நீட்ட வேண்டும், அவ்வளவுதான். அதிலும் காப்பகத்தில் அடைபட்ட பெண் முடியாது என்று சொல்லிவிட முடியுமா?

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கசப்பு. தொற்று இருப்பது தெரிந்த பெண்களை, வெளியே விட்டால் பரப்பிவிடுவார்கள் என்று சொல்லி, விடுதலையாக வேண்டிய காலம் கடந்தும் உள்ளேயே வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் வழக்காட வேண்டியிருந்தது. ஒரு சோதனையின் முடிவு ஒரு பெண்ணுக்குச் சிறையாக மாறும் என்றால், அடுத்த பெண் கையை நீட்டுவாளா?

இந்தக் கேள்வி எனக்கு வெறும் தத்துவமில்லை. நானே ஒரு காலத்தில் கேள்வித்தாள் பிடித்துக்கொண்டு அலைந்தவள்.

1996-லிருந்து பல வருடங்கள் தமிழ்நாட்டில் நடத்தை ஆய்வுகள் நடந்தன. அடையாறு வி.ஹெச்.எஸ். அமைப்பு அமெரிக்க உதவியோடு நடத்திய 'ஏபேக்' திட்டம் அதற்கு முன்னோடி. லாரி டிரைவர்கள், கிளீனர்கள், பாலியல் தொழில் செய்யும் பெண்கள், ஆலைத் தொழிலாளிகள் என்று ஒவ்வொரு பிரிவினரிடமும் போய், மனைவியைத் தவிர வேறு தொடர்பு உண்டா, ஆணுறை பயன்படுத்தினீர்களா என்று நேருக்கு நேர் கேட்பது. வைரஸ் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதை ரத்தம் சொல்லிவிடும். நாளைக்கு எங்கே போகும் என்பதை மனிதர்களின் பழக்கம்தான் சொல்லும். அதனால் இந்த ஆய்வுகளுக்கு அவ்வளவு மதிப்பு.

ஏபேக்கைப் பார்த்து அந்தச் சமயத்தில் சின்னச் சின்னதாகப் பல சர்வேக்கள் கிளம்பின. அப்படி ஒன்றில் எனக்கு இரண்டு மாத வேலை. யார் நடத்தியது என்பது இப்போது முக்கியமில்லை. எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்து, திருப்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு அனுப்பினார்கள். முதலாளி தங்கமானவர். காபி, வடை எல்லாம் கொடுத்து, "எங்க பசங்க எல்லாரும் பதில் சொல்லுவாங்க, நீங்க கேளுங்கம்மா" என்று பேக்கிங் செக்‌ஷன் பக்கத்திலேயே ஒரு ரூம் ஒதுக்கினார். கட்டிங் மாஸ்டர், டெய்லர், அயர்ன் மேன் என்று ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். ரூமுக்கு ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே சூப்பர்வைசர் பீடி பிடித்துக்கொண்டு நின்றார். ஒட்டுக் கேட்கவில்லை, பாவம். ஆளை எண்ணி உள்ளே அனுப்புவதுதான் அவர் வேலை.

வந்தவர்கள் எல்லோரும் 'இல்லீங்க' என்றார்கள். கல்யாணமாகாத பையன், குடும்பத்தை மதுரைப் பக்கம் விட்டுவிட்டு ஐந்து வருடமாகத் தனியாக ரூமில் இருக்கிறவர், எல்லோருக்கும் ஒரே பதில். நானும் எழுதினேன். இல்லை, இல்லை, இல்லை. சாயங்காலம் கட்டுக்கட்டாகத் தாளை அடுக்கும்போது எனக்கே தெரியும், இதில் பாதி பொய். பொய் சொன்னவர்கள் மேல் தப்பில்லை. இருபத்திரண்டு வயசுப் பெண் எதிரில் உட்கார்ந்து கேட்கிறாள், ஜன்னலில் சூப்பர்வைசர் நிற்கிறார், சனிக்கிழமை சம்பளம் அவர் கையில் இருக்கிறது. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

அந்தக் கட்டுகள் எங்கோ போய், 'இந்தப் பிரிவினரிடம் ஆபத்தான பழக்கம் மிகக் குறைவு' என்று ஒரு வரியாக மாறியிருக்கும். அந்த வரியை நம்பி யாரோ ஒருவர், இந்தக் கம்பெனிகளுக்கு ஆணுறையும் வேண்டாம், ஆலோசகரும் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கலாம். என் கையெழுத்தில் எழுதிய 'இல்லை'கள். இன்று நினைத்தாலும் உறுத்தும்.

(அப்புறம் புள்ளிராஜா வந்தார். 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று 2000-களின் தொடக்கத்தில் சுவருக்குச் சுவர். எங்கள் வீதியில் ராஜா என்று பெயர் வைத்திருந்த ஒரு பையன் பட்ட பாடு சொல்லி மாளாது. கிண்டல் ஒரு பக்கம் இருக்கட்டும், வீட்டுக்குள் யாரும் உச்சரிக்காத வார்த்தையை டீக்கடை வரை கொண்டுபோனது அந்த ஒரு கேள்விதான்.)

நான் அன்று பட்ட சங்கடத்துக்கு ஒரு விடையை வேறு யாரோ கண்டுபிடித்தார்கள் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து மாநிலமான கர்நாடகாவில் அதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். 'வாக்குச்சாவடி முறை' என்று பெயர். யோசனை ரொம்ப எளிது. பத்துப் பன்னிரண்டு பேரை ஓர் அறையில் கூட்டுவார்கள். ஓட்டுப் போடுகிற இடம் மாதிரி ஒவ்வொருவருக்கும் ஒரு மறைப்பு. மறைப்புக்குள் கேள்வி எண் போட்ட அட்டைகள். 'ஆம்' என்று போட ஒரு பெட்டி, 'இல்லை' என்று போட ஒரு பெட்டி, 'எனக்குப் பொருந்தாது' என்பதற்கு இன்னொன்று. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் நிறத்தைப் பார்த்தால் புரிந்துவிடும். நடுவில் ஒருவர் நின்று கேள்வியை உரக்கப் படிப்பார். அவரவர் அந்த எண் அட்டையைத் தனக்குப் பிடித்த பெட்டியில் போட்டுவிடலாம். பெயர் கிடையாது, கையெழுத்துக் கிடையாது. கடைசியில் எல்லாப் பெட்டியையும் ஒன்றாகக் கொட்டி எண்ணிவிடுவார்கள். யார் எதைப் போட்டார் என்று போட்டவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

அதே பகுதி மக்களிடம் நேருக்கு நேரும் கேட்டு, இந்த முறையிலும் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெட்டிக்குள் விழுந்த 'ஆம்'கள் அதிகம். ஆண்களிடம் மட்டுமல்ல, பெண்களிடமும்.

இதிலும் நஷ்டம் உண்டு. முதல் கேள்விக்கு 'ஆம்' போட்டவரும் மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' போட்டவரும் ஒரே ஆள்தானா என்று ஆய்வாளரால் சொல்ல முடியாது. ஒவ்வொருவரின் கதையையும் கோத்துப் பார்க்க முடியாது. அந்த நஷ்டத்துக்குச் சம்மதித்துத்தான் உண்மையை வாங்குகிறார்கள். எனக்கு இந்தப் பேரம் பிடித்திருக்கிறது. அன்று என் கையில் கேள்வித்தாளுக்குப் பதில் ஒரு அட்டைப்பெட்டி இருந்திருந்தால், ஜன்னலில் யார் நின்றாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

உண்மையைக் கேட்பது ஒரு பாதி. கேட்டபின் பழக்கத்தை மாற்றுவது எப்படி என்பது அடுத்த பாதி. இதற்காகவும் சென்னையில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, நடந்த இடம் எது தெரியுமா? ஒயின் ஷாப்.

கதை அமெரிக்காவின் தென்பகுதிச் சிறு நகரங்களில் ஆரம்பிக்கிறது. 1990-ஐ ஒட்டி ஜெஃப்ரி கெல்லி என்ற உளவியலாளர், ஆண்களை விரும்பும் ஆண்கள் கூடுகிற மதுக்கூடங்களில் ஒன்றைச் செய்தார். டாக்டரைக் கூட்டிவந்து பிரசங்கம் வைக்கவில்லை. மது ஊற்றிக் கொடுப்பவர்களிடம், 'இங்கே வருகிறவர்களில் யார் பேச்சை மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள்?' என்று விசாரித்தார். அந்த ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, நண்பர்களிடம் இயல்பாகப் பேச விட்டார். ஆபத்தான பழக்கம் குறைந்தது. நம் ஊரில் எந்த விஷயமானாலும் ஒரு பெரியப்பா சொன்னால் எடுபடும், ஹெல்த் இன்ஸ்பெக்டர் சொன்னால் எடுபடாது என்பது நமக்குத் தெரியாததா?

இதை ஐந்து நாடுகளில் ஒரே சமயத்தில் சோதித்துப் பார்த்தார்கள். சீனா, பெரு, ரஷ்யா, ஜிம்பாப்வே, இந்தியா. சீனாவில் காய்கறிச் சந்தைகள், இங்கே சென்னையின் குடிசைப் பகுதி ஒயின் ஷாப்கள். சில இடங்களில் 'பேச்சு எடுபடுகிற' ஆட்களுக்குப் பயிற்சி. வேறு சில இடங்களில் பயிற்சி கிடையாது. இரண்டையும் இரண்டு வருடம் கழித்து ஒப்பிடுவது திட்டம்.

2010-ல் முடிவு வெளியானது. இரண்டு பக்கமும் ஆபத்தான பழக்கம் நன்றாகவே குறைந்திருந்தது. ஆனால் ஏறக்குறைய ஒரே அளவுக்கு. பயிற்சி தந்த இடத்துக்கும் தராத இடத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆய்வுக் கணக்கில் பார்த்தால் தோல்வி.

ஏன் என்று யோசித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். பயிற்சி தராத இடத்து ஆட்களைச் சும்மா விட்டுவிடவில்லை. அவர்களுக்கும் நோய் பற்றிய தகவல் கொடுத்தார்கள், ஆணுறை கொடுத்தார்கள், ரத்தம் சோதித்து முன்னும் பின்னும் ஆலோசனை சொன்னார்கள், பால்வினை நோய் இருந்தால் சிகிச்சைக்கு வழி செய்தார்கள். பிறகு எப்படி வித்தியாசம் தெரியும்? 'அவர்களுக்கு எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் முடிவு பளிச்சென்று வந்திருக்குமே' என்று ஒருவர் கேட்கலாம். வந்திருக்கலாம். ஆனால் ஒரு மனிதனுக்கு ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தும், கணக்கு அழகாக வர வேண்டும் என்பதற்காக வாயை மூடிக்கொண்டு இரண்டு வருடம் பார்த்துக்கொண்டிருப்பதா? அமெரிக்காவின் டஸ்கிகீயில் அப்படித்தான் நடந்தது. கறுப்பின ஏழை ஆண்களுக்குச் சிபிலிஸ் இருப்பது தெரிந்தும், பென்சிலின் வந்த பிறகும், வைத்தியம் தராமல் 1932-லிருந்து 1972 வரை நாற்பது வருடம் வேடிக்கை பார்த்தார்கள். அது வெளியே வந்த பிறகு இந்த விதிகள் இன்னும் கடுமையாயின. ஒயின் ஷாப் ஆய்வு தோற்றிருந்தாலும், அதில் கலந்துகொண்ட சென்னைக்காரர் யாரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகவில்லை.

பெண்கள் விஷயத்தில் இன்னொரு ஆய்வு மனதில் நிற்கிறது. ஆணுறை போடு என்று கணவனிடம் சொல்ல முடியாத பெண்ணுக்கு, அவளே பூசிக்கொள்கிற மாதிரி ஒரு பாதுகாப்பு ஜெல் இருந்தால் எப்படி இருக்கும்? செல்லுலோஸ் சல்ஃபேட் என்ற ஜெல்லை ஆப்பிரிக்க நாடுகளோடு இந்தியாவில் சென்னையிலும் பாகல்கோட்டையிலும் சோதித்தார்கள். மொத்தம் சுமார் 1,400 பெண்கள். ஆய்வு முடியும் வரை காத்திருக்காமல், தனியாக ஒரு குழு நடுநடுவே கணக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அப்படிப் பார்த்தபோது, ஜெல் பூசியவர்களிடம் தொற்று குறைவதற்குப் பதில் கூடுவது போலத் தெரிந்தது. 2007 ஜனவரி கடைசியில் ஆய்வை அப்படியே நிறுத்திவிட்டார்கள். எவ்வளவு பணம், எத்தனை வருட உழைப்பு! எண்ணிக்கை இன்னும் உறுதியாகட்டும், கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. இறுதிக் கணக்கில் ஜெல் பக்கம் 25 பேருக்கும் மறுபக்கம் 16 பேருக்கும் தொற்று. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்றுதான் புள்ளியியல் சொன்னது. இருந்தாலும் நிறுத்தியது நிறுத்தியதுதான்.

இதற்கு நேர் எதிரான காரணத்துக்காக முன்கூட்டியே வெளியிட்ட ஒரு முடிவும் உண்டு. 9 நாடுகளில் 1,763 தம்பதிகள். கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கு மட்டும் தொற்று. சென்னைத் தம்பதிகளும் அதில் இருந்தார்கள். கூட்டு மருந்தைச் சீக்கிரமே தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவிகிதம் குறைகிறது என்று 2011 மே மாதம் தெரிந்தது. தெரிந்ததும் மற்றவர்களுக்கும் மருந்தை நீட்டினார்கள். இன்று மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், தாம்பத்தியத்தின் மூலம் துணைக்குப் பரவாது என்று தைரியமாகச் சொல்கிறார்களே, அதற்கு அடித்தளம் போட்ட ஆய்வுகளில் இது முக்கியமானது. அந்த மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். தாம்பரம் சானடோரியத்தில் 2004-ல் இலவச மருந்து ஆரம்பித்தபோது இடம் கொள்ளாத கூட்டம். இன்று நோயைச் சர்க்கரை, பிரஷர் மாதிரி மாத்திரையோடு சமாளித்துக்கொண்டு பேரன் பேத்தி எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

சரி, பெருமாநல்லூருக்கு வருவோம்.

இந்தப் பெல்ட்டில் ஆய்வு செய்ய வருகிறவர்கள் இன்றும் முதலில் போய் நிற்பது முதலாளி வாசலில்தான். வேறு வழியில்லை, கேட் அங்கேதான் இருக்கிறது. ஆனால் முதலாளி தரும் அனுமதி கேட்டைத் திறக்க மட்டும்தான். உள்ளே இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சம்மதிக்க வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. ஹாஸ்டலில் தங்கியிருக்கும் ஒடிசாப் பெண்ணிடம் தமிழில் படித்துக் காட்டி ரேகை வாங்குவது சம்மதம் ஆகாது. 'சைன் பண்ணு, லைன் நிக்குது' என்பதும் ஆகாது. பீஸ் ரேட்டுக்காரர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதில் சொன்னால் அந்த ஒரு மணி நேரக் கூலி போகும். அதை ஈடு செய்ய வேண்டும். ஆனால் காசுக்காகவே தலையாட்டுகிற அளவுக்குக் கொடுத்தால் அதுவும் தப்பு. எங்கே கோடு போடுவது என்று நெறிமுறைக் குழுக்கள் இன்றைக்கும் மண்டையை உடைத்துக்கொள்கின்றன.

ஆய்வு ஒரு பக்கம். வேலை வாங்குகிற இடத்தில் சோதனை என்பது வேறு கதை, அதற்குச் சட்டமே இருக்கிறது. 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கும் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம். உங்கள் சம்மதம் இல்லாமல் உங்களுக்கு எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது. வேலைக்குச் சேர இந்தச் சோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது. தொற்று இருக்கிறது என்பதற்காக வேலையை விட்டு அனுப்பக் கூடாது. உங்கள் முடிவை அடுத்தவரிடம் சொல்லக் கூடாது, சில விதிவிலக்குகள் தவிர. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனத்தில் இது பற்றிப் புகார் வாங்க ஒரு அதிகாரி இருக்க வேண்டும். பெருமாநல்லூர் சுற்று வட்டாரத்தில் 100 பேர் வேலை செய்யும் கம்பெனிகளுக்குப் பஞ்சமா என்ன? அந்த அதிகாரி யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும் என்பதுதான் கேள்வி. நான் விசாரித்த நாலைந்து பேருக்கு அப்படி ஒருவர் உண்டு என்பதே புதுச் செய்தி.

இரண்டு நாள் கழித்து அவள் அந்தப் பேப்பரைக் கொண்டுவந்தாள். அரிசி டப்பாவுக்கு அடியில் இருந்ததாம். நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்திருந்தது. டீக்கடை லைட் வெளிச்சத்தில் வாசித்தேன். ஹீமோகுளோபின், ரத்தச் சர்க்கரை, ரத்த வகை. மூன்றே மூன்று. கீழே அவள் கையெழுத்து.

"இதுல அது இல்லை. ரத்தச் சோகை இருக்கான்னு பார்த்திருக்காங்க. எச்.ஐ.வி. பார்க்கணும்னா உன்கிட்ட தனியாச் சொல்லி, நீ சரின்னு சொல்லணும். இதுல அப்படி ஒரு வரிகூட இல்லை."

நிம்மதியாகப் பெருமூச்சு விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பேப்பரை வாங்கி மறுபடி நாலாக மடித்தாள். வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. அது போகும் வரை பேசாமல் நின்றாள்.

"அப்ப எனக்கு இருக்குதா இல்லியான்னு இன்னும் தெரியாதுதானுங்க்கா?"

இதை நான் யோசிக்கவே இல்லை. நான் பயந்தது அவளுக்குத் தெரியாமல் பார்த்துவிட்டார்களோ என்று. அவள் பயந்தது அதற்கும்தான், ஆனால் உள்ளுக்குள் யாராவது பார்த்துச் சொல்லிவிட்டால் தேவலாம் என்றும் இருந்திருக்கிறது.

திருப்பூர் அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் இருக்கிறது, காசு வாங்க மாட்டார்கள் என்றேன். சோதனைக்கு முன்னால் ஒரு ஆலோசகர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார், ரிசல்ட்டை உன் கையில்தான் தருவார்கள், கம்பெனிக்கோ வீட்டுக்கோ போகாது என்றேன். சமீபத்தில் தொற்றியிருந்தால் முதல் சோதனையில் தெரியாமல் போகலாம், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை வரச் சொன்னால் பயப்படாதே என்றும் சொன்னேன். போவதற்கு முன்னால் ஏதாவது கேட்கணும் என்றால் 1097, இலவச நம்பர், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

"ஜன்னல் இருக்குமாக்கா அங்க?" என்றாள். நான் சர்வே கதையை அவளிடம் சொல்லியிருந்தேன்.

"கதவைச் சாத்திட்டுத்தான் பேசுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை மையம் திறந்திருக்காது. மற்ற நாளில் இவளுக்கு லீவு கிடையாது, போனால் சம்பளம் போகும். வயிற்று வலி என்று சொல்லி வருகிற வியாழக்கிழமை அரை நாள் கேட்டிருக்கிறாள். சூப்பர்வைசர் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாராம்.